சாலையோரச் சிலைகளையும் சுவரோவியங்களையும் காப்பது எப்படி: சென்னையை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஒரு வெண்கலச் சிலைக்கு ஆண்டிலேயே ஆபத்தான வாரம் எது தெரியுமா? அந்தத் தலைவரின் பிறந்தநாளுக்கு முந்தைய வாரம். ஏணியைச் சிலையின் தோளிலேயே சாத்துவார்கள். கம்பி பிரஷ்ஷால் பச்சைக் களிம்பைச் சுரண்டுவார்கள். அதன் மேல் ஒரு கோட் கோல்டு பெயிண்ட். பிறந்தநாள் அன்று மாலை, பால், பட்டாசு. கூட்டம் கலைந்த பிறகு மாலை மட்டும் அங்கேயே தொங்கி, மழையில் நனைந்து, அழுகிக் கருகும். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் உப்புக் காற்று மெல்ல மெல்லச் செய்கிற சேதத்தை இந்த ஒரு வாரம் அவசரமாகச் செய்து முடித்துவிடுகிறது.

ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு கட்சிதான் கட்டப்போகிறது: அடிக்கடி, கொஞ்சமாக, மென்மையாக. ஐந்து வருஷம் திரும்பிப் பார்க்காமல் விட்டுவிட்டு, திடீரென்று ‘புதுப்பொலிவு’ தருவது வேண்டாம். குடியிருப்போர் நலச் சங்கம், மன்றக்காரர்கள், கல்லூரி மாணவர்கள், வார்டு கவுன்சிலர், மாநகராட்சிப் பொறியாளர் என யார் படித்தாலும் பயன்படும்படி எழுதியிருக்கிறேன். எதை நாமே செய்யலாம், எதில் கை வைக்கவே கூடாது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. சிலை யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

கேட்க எளிதான கேள்வி, பதில்தான் சுற்றவிடும். சாலை ஒரு துறை, நடைபாதை இன்னொரு துறை, சிலையை நிறுவியது ஓர் அறக்கட்டளை, விளக்குக்கு மின்கட்டணம் கட்டுவது வேறு யாரோ. மணிமண்டபங்களும் நினைவகங்களும் செய்தி மக்கள் தொடர்புத் துறையின் பொறுப்பில் இருக்கும். மற்றவை மாநகராட்சி, பொதுப்பணி, நெடுஞ்சாலை, ரயில்வே என்று பிரிந்து கிடக்கும்.

முதலில் பீடத்தைச் சுற்றி வந்து கல்வெட்டைப் படியுங்கள். திறந்து வைத்தவர், நாள், நிறுவிய அமைப்பு, சில சமயம் சிற்பியின் பெயர் எல்லாம் அங்கேயே இருக்கும். அடுத்து மாநகராட்சியின் 1913 எண்ணில் ஒரு புகார் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். ‘அது எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை’ என்று பதில் வந்தால் அதுவும் லாபம்தான், ஒரு துறை கழிந்தது. கடைசி ஆயுதம் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்விகளைச் சுருக்கமாக வையுங்கள்: சிலை எந்தத் துறையின் சொத்துப் பதிவேட்டில் உள்ளது, கடைசியாக எப்போது பராமரிக்கப்பட்டது, என்ன பொருள் பூசப்பட்டது, எவ்வளவு செலவு. மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பூசியது எனாமலா அக்ரிலிக்கா என்று தெரிந்தால் பின்னால் வரும் நிபுணருக்குப் பாதி வேலை மிச்சம்.

உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் சிலையைத் தொடாதீர்கள். நல்லெண்ணத்தில் கழுவப் போய், அரசியல் தகராறில் மாட்டிக்கொள்வது நம் ஊரில் பெரிய விஷயமில்லை.

2. எதனால் செய்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாச் சிலையும் ஒரே மாதிரிதான், கறுப்பு அல்லது தங்கநிறம். உள்ளே இருப்பது வெண்கலமா, சிமென்ட்டா, ஃபைபரா, கல்லா என்பதைப் பொறுத்து வைத்தியம் தலைகீழாக மாறும்.

ஒரு சின்ன காந்தத்தை நூலில் கட்டிக்கொண்டு போங்கள். வெண்கலத்தில் அது ஒட்டாது. சிமென்ட் சிலையிலும் பொதுவாக ஒட்டாது, ஆனால் உள்ளே இருக்கும் கம்பி மேற்பரப்புக்கு அருகில் வந்துவிட்ட இடத்தில் நூல் லேசாக இழுபடும். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், விரிசல் அங்கேதான் வரும். பிறகு விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். வெண்கலம் உள்ளே வெற்றிடம் என்பதால் மணிபோல் கணீரென்று பேசும். ஃபைபர் டப்பா மாதிரி ஒலிக்கும், கைக்குச் சூடோ குளிர்ச்சியோ அவ்வளவாக ஏறாது. சிமென்ட்டில் தட்டினால் விரல்தான் வலிக்கும்.

மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையும் காந்தி சிலையும் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த வெண்கலங்கள், இரண்டும் 1959-ல் நிறுவப்பட்டவை. தீவுத்திடல் அருகே குதிரைமேல் இருக்கும் பழைய மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோவும் வெண்கலமே. சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி லண்டனில் வார்த்து, கப்பலேறி வந்து 1839-ல் நிறுத்தப்பட்டது. நூற்றெண்பது வருஷத்துக்கு மேல் உப்புக் காற்று வாங்கியும் அந்தக் குதிரை தெம்பாகத்தான் நிற்கிறது. நல்ல வெண்கலம் தானாகவே ஒரு கரும்பச்சைப் போர்வையை நெய்துகொள்ளும் உலோகம். நம் வேலை அந்தப் போர்வையைக் கலைக்காமல் இருப்பது.

3. பதிவேடு தொடங்குங்கள்

இதைச் சலிப்பான வேலை என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால் மொத்தத்தில் பாதிப் பலன் இதில்தான் இருக்கிறது.

எட்டுத் திசையிலிருந்தும் எட்டுப் படம் எடுங்கள். நடைபாதையில் எந்தக் கல்லில் நின்று எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே கல், அதே நேரம், அதே உயரம். காலை ஏழு மணி வெயில் சாய்வாக விழும்போது மேடுபள்ளமும் விரிசலும் தெளிவாகத் தெரியும். உச்சிவெயிலில் எடுத்தால் எல்லாம் தட்டையாகிவிடும். நெருக்கப் படங்களில் ஓர் அளவுகோலையோ ஐந்து ரூபாய் நாணயத்தையோ பக்கத்தில் வையுங்கள்.

பிறகு ஒரு தாளில் சிலையின் கோட்டுருவத்தை வரைந்து, கறை, விரிசல், பறவை எச்சம், துரு, பெயிண்ட் உரிதல் எல்லாவற்றையும் குறியுங்கள். கடற்கரைப் பகுதியில் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். மழை நேராக அடித்துக் கழுவும் தலை, தோள் பகுதிகளை விட, மழையே படாத இடுக்குகள்தான் மோசமாக இருக்கும். முழங்கை மடிப்பு, வேட்டியின் அடிப்பக்கம், குதிரையின் வயிறு. காற்றில் வரும் உப்பு அங்கே படிந்து, இரவுப் பனியில் ஈரமாகி, பகலில் காய்ந்து, மறுபடி ஈரமாகி உலோகத்தைத் தின்னும். எனவே நோட்டம் விடும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், அக்குளைப் பாருங்கள்.

பீடத்தையும் மறக்க வேண்டாம். கல் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள். வேர் உள்ளே ஓடியிருந்தால் கல்லையும் சேர்த்து நகர்த்திவிடும். அடியோடு வெட்டி, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவி, காய்ந்த பிறகு சுண்ணாம்புக் கலவையால் அடைப்பதே சரி.

4. சென்னைக்கு ஏற்ற நாட்காட்டி

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். இப்போது பிறந்தநாள் பட்டியலைப் பாருங்கள்: அண்ணா செப்டம்பர் 15, பெரியார் செப்டம்பர் 17, காந்தி அக்டோபர் 2, தேவர் அக்டோபர் 30. சரியாக மழைக்கு முன்னாலும் மழை தொடங்கும் நேரத்திலும் அவசர அவசரமாகப் பெயிண்ட் அடிக்கிறோம். பெயிண்ட்டுக்குக் கீழே சிக்கிய உப்பும் ஈரமும் வெளியே வர வழியில்லாமல், பொங்கலுக்குள் கொப்புளமாகக் கிளம்பும்.

இதைத் திருப்பிப் போடுங்கள். ஜனவரி கடைசியில் மழைச் சேதக் கணக்கெடுப்பு. பிப்ரவரி, மார்ச்சில் கழுவுதலும் மெழுகும், மழை அரிதாக, வெயில் இன்னும் கடுமையாகாத காலம் அது. ஆகஸ்டில் வடிகால் துளை, பீட விரிசல், விளக்கு ஒயர் சோதனை. செப்டம்பரில் விழாவுக்கு வெறும் தண்ணீர்க் கழுவல், துணித் துடைப்பு, அவ்வளவுதான். மார்ச்சில் மெழுகு பூசிய வெண்கலம் செப்டம்பரில் ஒரு துடைப்பிலேயே பளிச்சென்று இருக்கும். விழாக் குழுவிடம் இதை ஒருமுறை காட்டிவிட்டால் போதும், பெயிண்ட் டப்பா பிறகு தானாகவே காணாமல் போகும்.

5. கழுவுதல்

தேவையானவை: மென்மையான இயற்கை நார் பிரஷ், பருத்தித் துணி, பக்கெட், சாயமும் வாசனையும் இல்லாத மிதமான திரவ சோப்பு, கைத்தெளிப்பான். தண்ணீர்தான் முக்கியம். பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம் மாதிரிக் கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்பாக இருக்கலாம். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரா? மெட்ரோ வாட்டர் பயன்படுத்துங்கள், கடைசி அலசலுக்கு பேட்டரிக்கு ஊற்றும் வாலை வடிநீர் கிடைத்தால் இன்னும் நல்லது.

முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். காய்ந்த பறவை எச்சத்தைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு ஊறவிட்டால் தானே விட்டுவரும். எச்சத்தில் உள்ள அமிலம் உலோகத்தை அரிக்கும், கூடவே வரும் மணல் துகள்கள் தேய்த்தால் கீறும். பிறகு கீழிருந்து மேலாக நனையுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்கு நீர் காய்ந்த உலோகத்தில் கோடு கோடாக இறங்கிக் கறையாகும். சோப்பு நீரில் மென்மையாகத் தேய்த்து, அலசும்போது மட்டும் மேலிருந்து கீழாக, நிறையத் தண்ணீர்.

உப்பு போய்விட்டதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. இடுக்கிலிருந்து வடியும் கடைசித் தண்ணீரைச் சோதனைக் குழாயில் பிடித்து, பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் சில்வர் நைட்ரேட் கரைசலை ஒரு துளி விடுங்கள். பால்போல் வெளுத்தால் உப்பிலுள்ள குளோரைடு இன்னும் இருக்கிறது, மறுபடி அலசுங்கள். தண்ணீர் தெளிவாக நின்றால் போதும். ஒப்பிட்டுப் பார்க்க, கழுவ எடுத்த தண்ணீரிலும் ஒரு துளி விட்டுப் பார்த்துவிட வேண்டும். குழாய்த் தண்ணீரிலேயே கொஞ்சம் குளோரைடு இருக்கும், அப்புறம் சிலையைக் குற்றம் சொல்லி என்ன பயன்? பள்ளி வேதியியல் ஆசிரியரைச் சேர்த்துக்கொண்டால் மாணவர்களுக்கும் நல்ல பாடம்.

கூடவே கூடாதவை: ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர், பாத்திரம் தேய்க்கும் பவுடர், புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ், கம்பி பிரஷ், அதிக அழுத்த நீர்ப்பாய்ச்சி, மணல் வீச்சு (அழுத்தக் காற்றால் மணலைப் பீய்ச்சித் தேய்ப்பது). புளி போட்டுத் துலக்கினால் குத்துவிளக்கு போல மின்னும், உண்மைதான். வீட்டுக்குள் இருக்கும் விளக்கை வாராவாரம் துலக்கலாம். வெளியே கடல் காற்றில் நிற்கும் சிலைக்கு அந்த மினுமினுப்பு என்பது தோலுரிந்த நிலை. மணல் வீச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கோயில் தூண்களின் சிற்ப நுணுக்கங்கள் மழுங்கிப்போன பிறகுதான் அதைக் கோயில்களில் தடை செய்தார்கள். சாலையோரச் சிலைக்கும் அதே நியாயம்தான்.

6. மெழுகு

வெண்கலத்துக்கு உலகம் முழுக்கப் பரவலாக இருக்கும் பாதுகாப்பு மெழுகுப் பூச்சு. நியூயார்க் நகரப் பூங்காத் துறை 1997 முதல் நகரச் சிலைகளுக்கென்றே ஒரு பராமரிப்புத் திட்டம் வைத்திருக்கிறது. கழுவுவது, மெழுகு பூசுவது, துடைப்பது, அடுத்த பருவத்தில் மறுபடி. கவர்ச்சியே இல்லாத வேலை, அதனால்தான் பலிக்கிறது.

மைக்ரோகிறிஸ்டலின் மெழுகு என்று கேட்டு வாங்குங்கள். அருங்காட்சியகப் பாதுகாப்புப் பொருள் விற்பவர்களிடம் பசை வடிவில் கிடைக்கும். மெழுகுவத்தி மெழுகு வேண்டாம், தேன்மெழுகும் வேண்டாம். தேன்மெழுகில் அமிலத்தன்மை உண்டு, வெயிலில் பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். கழுவி முழுதாகக் காய்ந்த மறுநாள் காலை, உலோகம் வெதுவெதுப்பாக இருக்கும்போது, குட்டை பிரஷ்ஷால் மிக மெல்லியதாகத் தடவுங்கள். இடுக்குகளில் குத்திக் குத்திச் சேர்க்க வேண்டும். அரை மணி கழித்துப் பழைய பருத்தி வேட்டித் துணியால் பளபளக்கத் தேயுங்கள். தடிமனாக அப்பினால் வெள்ளைத் திட்டாக நிற்கும்.

கடலிலிருந்து தள்ளி இருக்கும் சிலைக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும், மெரினா வரிசைக்கு இரண்டு முறை வேண்டும். தண்ணீர் தெளித்துப் பார்த்தாலே தெரியும்: முத்து முத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது, பரவி ஒட்டினால் தீர்ந்துவிட்டது. டார்ச்சால் சூடாக்கி மெழுகை உருக்கிப் பூசும் முறையும் உண்டு, இன்னும் ஆழமாகப் பிடிக்கும். ஆனால் அது பயிற்சி பெற்றவர் வேலை. ஏற்கெனவே பெயிண்ட் அடித்த வெண்கலமாக இருந்தாலும் அப்படியே நிறுத்தி நிபுணரைக் கூப்பிடுங்கள். பெயிண்ட்டை ஊறவைத்து, மரக்கரண்டியால் அங்குலம் அங்குலமாக எடுக்க வேண்டும்.

7. எந்தப் பச்சை ஆபத்து?

எல்லாக் களிம்பும் நோய் இல்லை. இறுகப் பிடித்த, வழவழப்பான கரும்பச்சையும் பழுப்பும் காப்பு. வெளிர்பச்சையில், விபூதி மாதிரி உதிரும் புள்ளிகளைக் கண்டால் எச்சரிக்கையாகுங்கள். அது குளோரைடு செய்யும் வேலை. உள்ளே இருக்கும் செம்புக் குளோரைடு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும், அந்த அமிலம் மறுபடி செம்பைக் கரைக்கும், சக்கரம் நிற்காது. பிரஷ்ஷால் துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். அதே இடத்தில் மறுபடி பொடி வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு நாம் செய்யக்கூடியது படம் எடுத்து நிபுணரிடம் போவது மட்டும்தான். நல்ல வேளையாகத் தூரம் போக வேண்டியதில்லை. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கிவிட்டார்கள். எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் அங்கே வெண்கலங்களின் நோயை மின்பகுப்பு முறையில் குணப்படுத்தினார். இந்தத் துறையில் நாட்டிலேயே முன்னோடிகளில் ஒன்று நம் ஊரில் இருக்க, சிலைக்கு வைத்தியம் கேட்டுப் பெயிண்ட் கடைக்குப் போகிறோம்.

இன்னொரு ஆபத்து, வெண்கலத்தோடு இரும்பைக் கட்டிவைப்பது. ஈரத்தில் இரு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் ஒன்று மற்றொன்றுக்காகக் கரையும். நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலையில் வெளியே செம்புத் தகடு, உள்ளே இரும்புச் சட்டம். இரண்டும் தொடாமல் இருக்க வைத்த கல்நார் அடுக்கு காலப்போக்கில் வீணாகி, இரும்பு உப்பிப் போனது. 1980-களின் பெரிய சீரமைப்பில் அந்தச் சட்டங்களைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினார்கள். நம்மூரில் சிலைக்கு மேல் குடை, விளக்குக் கம்பி, பாதுகாப்புக் கூண்டு எல்லாம் சாதா இரும்பில் செய்து நேராகச் சிலையிலேயே போல்ட் போடுகிறார்கள். கூண்டு தேவைப்படும் இடங்கள் இருக்கின்றன, நம் அரசியல் அப்படி. ஆனால் கூண்டு பீடத்தைத் தாண்டித் தனியாக நிற்கட்டும்.

8. கல் சிலை

கருங்கல் உறுதியானது. கழுவலும் இணைப்புகளின் பராமரிப்பும் போதும். உப்பு உள்ளே ஏறிவிட்டால் என்ன செய்வது என்பதற்குக் கன்னியாகுமரியில் கடல் நடுவே 2000-ல் திறக்கப்பட்ட 133 அடி திருவள்ளுவர் சிலை நல்ல எடுத்துக்காட்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாரம் கட்டி, கழுவி, இணைப்புகளை அடைத்து, காகிதக் கூழை அப்புகிறார்கள். கூழ் காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பை உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். உரித்துக் கழுவிய பிறகு சிலிக்கோன் வகைப் பூச்சு. வரிசை முக்கியம்: உப்பை எடுக்காமல் பூச்சு பூசினால் உப்பு உள்ளேயே படிகமாகிக் கல்லின் தோலை உதிர்க்கும்.

சலவைக்கல் வேறு சாதி. அமிலம் பட்டால் கரையும். புளித்த பால், எலுமிச்சை, குங்குமம் எல்லாமே பகை. அருமையான சலவைக்கல் சிலை என்றால் கூரைக்குக் கீழே கொண்டுபோவதே நல்லது என்பது என் கருத்து. தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய கார்ன்வாலிஸ் சிலை இப்போது கோட்டை அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. அதன் மண்டபம் முதலில் இருந்த இடத்தின் நினைவாகத் தேனாம்பேட்டையில் செனடாஃப் (நினைவு மண்டபம்) சாலை என்ற பெயர் மட்டும் மிஞ்சியது.

9. சிமென்ட் சிலை

எண்ணிக்கையில் இவைதான் அதிகம், பேசுவது குறைவு. ஏழைச் சிலைகள். எலும்பு கம்பி, சதை சிமென்ட். பூச்சின் கனம் குறைவாக இருந்தால் ஈரம் கம்பிவரை போய்த் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், சிமென்ட் வெடிக்கும். நீட்டிய விரல், கையில் பிடித்த புத்தகம், மூக்குக் கண்ணாடியின் காதுப் பகுதி, கணுக்கால் ஆகியவை முதலில் போகும்.

பழுதுபார்க்கும்போது விரிசல் மேல் பட்டி தடவி மூடுவது வெறும் கண்துடைப்பு. தளர்ந்த சிமென்ட்டை எடுத்து, கம்பி பளிச்சென்று தெரியும்வரை துருவைச் சுத்தம் செய்து, துரு தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்பி, ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரம் பதப்படுத்த வேண்டும். புதிதாகக் கம்பி வைப்பதானால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி கேளுங்கள், விரலுக்கு எவ்வளவு கம்பி ஆகிவிடப் போகிறது? பெயிண்ட் அடிக்கலாம், இங்கே அது பாதுகாப்பு. எனாமல் வேண்டாம், ஈரம் வெளியேற விடும் வெளிப்புற அக்ரிலிக் அடியுங்கள். பழைய அடுக்குகளைக் குறைக்காமல் மேலே மேலே அடித்தால் முகம் ஊதி, தலைவர் யாரென்றே தெரியாமல் போகும். நம் ஊரில் கண் இமையே இல்லாத தலைவர்கள் எத்தனை பேர்!

வெண்கலமோ சிமென்ட்டோ, கோல்டு பெயிண்ட்டை மட்டும் விட்டுவிடுங்கள். அதில் மினுங்குவது பெரும்பாலும் பித்தளைத் தூள். கடற்காற்றில் சீக்கிரமே கறுத்துப் பழுப்பாகும்.

10. சுவரோவியங்கள்

2020-ல் கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களைப் பெரும் ஓவியங்களாக மாற்றினார்கள். 2021-ல் இந்திரா நகர் ரயில் நிலையச் சுவரில் முகங்கள் எழுந்தன. இவற்றின் எதிரி மேலே இருந்து வெயில், கீழே இருந்து ஈரம். அடித்தளத்திலிருந்து ஏறும் ஈரம் வெள்ளைப் பூப்பூத்து நிறத்தைத் தள்ளிவிடும். கழிவுநீர்க் குழாய் ஒழுகினால் ஓவியரைக் கூப்பிடுவதற்கு முன் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

புதிதாக வரைவதென்றால் புதுப் பூச்சு குறைந்தது 28 நாள் காயட்டும். காரத்தைத் தாங்கும் பிரைமர், அதன் மேல் வெளிப்புற அக்ரிலிக். எந்த நிறம், எந்த எண், எந்த நிறுவனம் என்று பட்டியல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். சிவப்பும் மஞ்சளும் மேற்குச் சுவரில் சீக்கிரம் வெளுக்கும். ஓவியம் எத்தனை ஆண்டுக்கு என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது. எல்லாச் சுவரோவியமும் சாகாவரம் பெற்றதில்லை, சிலது ஐந்தாண்டு வாழ்ந்துவிட்டுப் போகட்டும்.

போஸ்டர் பிரச்சினை தனி. பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-லிருந்தே சட்டம் இருக்கிறது, சுவருக்குத்தான் தெரியவில்லை. ஓவியத்தின் மேல் ஒட்டிய போஸ்டரைக் கிழிக்காதீர்கள். மைதாப் பசை வெதுவெதுப்பான தண்ணீரில் இளகும். ஸ்பாஞ்சால் நனைத்து, பதினைந்து நிமிடம் விட்டு, மேல் மூலையிலிருந்து மெல்ல உருட்டி எடுத்தால் பெயிண்ட் தப்பும்.

ஓவியத்தையோ சிற்பத்தையோ அழிக்க நினைக்கும் அதிகாரிகளுக்கு ஒரு வழக்கை நினைவூட்டலாம். டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979-ல் கழற்றப்பட்டுச் சிதைந்தது. 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும், மிச்சமிருந்த பாகங்களையும் கொடுக்கச் சொன்னது. பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு கலைஞருக்குத் தரும் உரிமை அது. ஒரு படைப்பை விற்ற பிறகும் அதைச் சிதைப்பதை எதிர்க்கலாம்.

11. மாலையும் மரியாதையும்

மாலை போடாதே என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, சொல்லவும் வேண்டாம். நார் கட்டிய மாலை, கம்பி கட்டியது வேண்டாம். அன்று சாயங்காலமே இறக்க ஒருவரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். ஏறுவதற்குப் பீடத்தைத் தொடாத தனிப் படிக்கட்டு. பால் ஊற்றினால் அரை மணிக்குள் நல்ல தண்ணீரால் அலச வேண்டும், இல்லாவிட்டால் புளித்து இடுக்கில் நிற்கும், எறும்பும் வரும். பாலைப் பக்கத்துப் பள்ளிக் குழந்தைகளுக்குக் கொடுக்கலாமே என்று கூட்டத்தில் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். சில மன்றக்காரர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

12. டெண்டரில் என்ன எழுத வேண்டும்

‘சிலையைச் சுத்தம் செய்து வர்ணம் பூசுதல்’ என்று ஒற்றை வரியில் டெண்டர் போனால், குறைந்த விலை கேட்ட பெயிண்டிங் ஒப்பந்ததாரர் வருவார். அவர்மீது தவறில்லை, கேட்டதைத்தான் செய்கிறார். குறிப்பில் இவை இருக்கட்டும்: பொருள் என்ன, எந்தக் கருவி கூடாது, உலோகப் பாதுகாப்பில் முன் அனுபவம், மறைவான இடத்தில் உள்ளங்கை அளவுக்குச் சோதனை செய்து ஒப்புதல் வாங்கிய பிறகே மீதி வேலை, தினசரிப் படம், பூசிய பொருளின் பெயர். சாரம் தனியாக நிற்க வேண்டும், சிலையில் கட்டக்கூடாது.

சுவாமிமலை ஸ்தபதியை அழைக்கலாமா என்று கேட்பார்கள். உடைந்த விரலை வார்க்க அவர்களைவிடக் கைதேர்ந்தவர் யார்? ஆனால் வார்ப்பதும் பழையதைப் பாதுகாப்பதும் வேறு வேறு கலை. அருங்காட்சியக நிபுணர், எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியின் சிற்பத் துறை, ஸ்தபதி என மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் வேலை உருப்படும்.

13. இடம் மாற்ற வேண்டி வந்தால்

மெட்ரோ, மேம்பாலம், நீதிமன்ற உத்தரவு என்று சிலைகள் நகர்ந்துகொண்டேதான் இருக்கும். சாலைகளிலும் நடைபாதைகளிலும் புதிய சிலைகளுக்கு அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் உத்தரவிட்டது. பொது இடச் சிலைகளைத் தலைவர்கள் பூங்கா அமைத்து அங்கே வைக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல் சொன்னது. சிவாஜி கணேசன் சிலை 2017-ல் காமராஜர் சாலையிலிருந்து அடையாறு மணிமண்டபத்துக்குப் போனது. கண்ணகி 2001 டிசம்பரில் மெரினாவிலிருந்து எடுக்கப்பட்டு 2006-ல்தான் திரும்பி வந்தாள். 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஜேம்ஸ் நீலின், மக்கள் எதிர்த்த சிலையை 1937-ல் அண்ணா சாலையிலிருந்து எடுத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். பிடிக்காத சிலையை என்ன செய்வது என்பதற்கு அது மோசமான விடை இல்லை: உடைக்கவும் இல்லை, சாலையில் வைத்துக் கும்பிடவும் இல்லை.

இடமாற்றம் என்று பேச்சு வந்த அன்றே மூன்று விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: எங்கே வைக்கப்போகிறார்கள், எப்போது திரும்பும், அதுவரை பொறுப்பு யாருடையது. கழற்றும் முன் உள்ளே பிடிமானம் எங்கே என்று பார்க்க வேண்டும். பழைய சிலைகளில் பீடத்துக்குள் ஈயம் ஊற்றி இறுக்கிய ஆணிகள் இருக்கலாம், கிரேன் கொண்டு இழுத்தால் கணுக்கால்தான் கையோடு வரும். கழுத்திலோ நீட்டிய கையிலோ பட்டை போட்டுத் தூக்கக்கூடாது. எடை இறங்கும் இடுப்பிலும் அடியிலும் அகலமான துணிப் பட்டை, நடுவில் மெத்தை. பீடக் கற்களுக்கு வரிசை எண் போட்டு, படம் எடுத்து, அந்தக் கற்களும் கூடவே போக வேண்டும். பெயர்ப்பலகையை முதலில் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள், உலோகத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் அதைத்தான் முதலில் கொண்டுபோவார்கள்.

புதிய இடத்தில் நிறுத்தும்போது பிடிமான ஆணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். உள்ளே சேரும் நீர் வடிய அடியில் துளை இருக்கிறதா, சிமென்ட் பூசி அடைத்துவிட்டார்களா என்று குனிந்து பாருங்கள். முதல் பெருமழைக்கு மறுநாள் போய், அந்தத் துளையில் தண்ணீர் வடிந்த தடம் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே ஒப்பந்ததாரரின் கடைசி பில்லுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.